ஆண் கடலில் முங்கும் பெண்கள்

சிறுநீரில் எரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டாக்டர் 'கல்ச்சர் டெஸ்ட்' எழுதித் தருகிறார். டப்பாவில் பிடித்துக் கொடுத்ததை லேப்காரர் ஒரு வட்டத் தட்டில் லேசாகத் தீற்றி, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைக்கிறார். மறுநாள் தட்டில் முளைத்திருக்கும் புள்ளிகளைப் பார்த்து, இன்ன கிருமி, இன்ன மருந்துக்கு அடங்கும் என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார். அந்தப் புள்ளிகள் முளைக்க மண்ணாக இருப்பது எது? தொட்டால் கொழகொழவென்று, கண்ணாடி போலத் தெரியும் ஒரு கட்டி. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பாலும் சீனியும் சேர்த்து, ரோஸ் கலரில் துண்டு போட்டு வைப்பார்களே, அந்தக் கடல்பாசிதான். ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர் அகர்.

1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் கிருமிகளைத் தனித்தனியாக வளர்க்க வழி தெரியாமல் திண்டாடிக் கொண்டிருந்தார். உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்; ஜெலட்டினில் வளர்த்தார். வெயில் ஏறினால் ஜெலட்டின் உருகிவிடும். அவரிடம் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் வீட்டுச் சமையலில் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டார்கள். இன்றைக்குவரை உலகமெங்கும் அதே தட்டுதான். மருத்துவ வரலாற்றில் ஒரு சமையலறை செய்த உபகாரம் இது.

இந்தியாவில் அகர் எடுக்கும் பாசியில் பெரும்பங்கு மன்னார் வளைகுடாவிலிருந்தும் பாக் நீரிணையிலிருந்தும் போகிறது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி இரண்டும் அகருக்கு. கட்டக்கோரை வேறொரு கூழுக்கு. துணிச்சாயத்திலிருந்து மருந்து மாத்திரைவரை அது போகாத இடமில்லை. எந்த ஆஸ்பத்திரித் தட்டில் எந்தக் கரைப் பாசி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பாறையிலிருந்து கையால் பிய்த்து எடுப்பவர்கள் யார் என்று சொல்லலாம். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம், தெற்குவாடியிலிருந்து மண்டபம், வேதாளை, களிமண்குண்டு, சேதுக்கரை, ஏர்வாடி வரை இந்தக் கரையில் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேலையில் இருக்கிறார்கள். நிலம் கிடையாது, விசைப்படகு கிடையாது. பாட்டியும் முங்கினாள், அம்மாவும் முங்கினாள், மகளும் முங்குகிறாள்.

அவர்களில் ஒருத்திக்குச் சிறுநீரில் எரிச்சல் வந்தால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முழங்கால் தண்ணீரிலிருந்து இரண்டு பாகம் வரை

இந்தக் கரையில் கடலுக்குப் பாலினம் உண்டு. வடக்கே பாக் நீரிணை பெண் கடல். பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். சோழகக் காற்று எழும்பிவிட்டால் கிட்டே போக முடியாது. மரிக்கொழுந்து வளர்வது பெரும்பாலும் ஆண் கடலின் தீவுகளைச் சுற்றிய பாறைகளில். ஆகவே பெண்கள் ஆண் கடலுக்குப் போகிறார்கள்.

மாதத்தில் 12 நாள். அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. அப்போதுதான் நீர் நன்றாக வத்தும், பாறை எட்டும். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டுக் கூட்டமாகப் படகேறுகிறார்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் முழுக்கைச் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. காலில் ரப்பர் செருப்பைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். விரல் ஒவ்வொன்றிலும் கந்தைத் துணியைச் சுற்றியிருப்பார்கள். இடுப்பில் வலைப்பை. நீரில் இறங்கினால் வெயில் ஏறும்வரை ஐந்து, ஆறு மணி நேரம் அதிலேயேதான். மூச்சைப் பிடித்து முங்கி, ஒரு கையால் பாறையைப் பற்றிக் கொண்டு மறு கையால் பாசியைப் பிய்த்து, பையில் திணித்து, மேலே வந்து மூச்சு விட்டு, திரும்ப முங்கி.

அந்தப் படகில் கழிப்பறை கிடையாது. கூட வரும் படகோட்டி ஆண். எனவே போகும்போது தண்ணீர் குடிக்காமல் போவது, போன இடத்தில் அடக்கிக் கொள்வது. இதை ஒரு திறமை போலப் பெண்கள் பழகி வைத்திருக்கிறார்கள். மாதவிலக்கு நாள்கள் அமாவாசை ஆறு நாளில் விழுந்தாலும் அதே கதைதான். அன்றைக்கு இறங்காவிட்டால் அந்தப் பிறையின் வருமானம் போச்சு.

கரைக்கு வந்தாலும் தண்ணீர் தாராளமாக இல்லை. இராமநாதபுரத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது. கடற்கரை மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுகிற காட்சியை இன்னமும் பார்க்கலாம். 2009இல் 616 கோடி ரூபாய்க் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியை இந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது. குழாய்க் கோடியில் இருக்கிற ஊர்களுக்கு அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை அந்தந்த ஊர்ப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். வராத நாளில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உப்புத் தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறிய உடம்பை நல்ல தண்ணீரில் அலசுவது, காசு கொடுத்து வாங்கிய குடத்தில் நடக்கிற காரியம்.

இனி வைத்தியக் கணக்கைப் பாருங்கள். குடிக்காமல், அடக்கி வைத்து, வெயிலில் காய்கிற உடம்பில் சிறுநீர் கெட்டிப்படுகிறது. கிருமி தங்குகிறது, கல் விளைகிறது. நீர்ப்பையில் தொடங்குவது கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம்வரை ஏறுகிறது. இதில் மருத்துவ அதிசயம் ஒன்றுமில்லை. ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கும் ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்களுக்கும் வருகிற அதே நோய்தான். கடைக்காரரிடம், நிற்பவர்களுக்கு உட்கார நாற்காலி கொடு என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் போட்டுச் சொன்னது. கடலுக்கு முதலாளி யார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

விரலிலும் காலிலும் வெட்டு விழாத பாசிக்காரியை நான் பார்த்ததில்லை. பவளப் பாறை ரம்பம் மாதிரி. சாதாரண உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் வெதுவெதுப்பான கடலோர நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் இயல்பாகவே வாழ்கின்றன. திறந்த காயத்தில் ஏறினால், அதுவும் சர்க்கரை நோய் உள்ள உடம்பில், சில நாளில் சதையை அழுக வைத்துவிடும் வல்லமை அவற்றுக்கு உண்டு. மீன் தொழில் செய்பவர் கையில் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் கட்டிகளுக்குக் காரணமான வேறொரு கிருமி, காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட தம்பி. சொறி மீன் பட்டால் தடிக்கும் தோல், திருக்கை வாலடி, கண்ணின் வெள்ளைவிழியில் வெயிலால் வளர்கிற சதை, முங்கி முங்கிக் காதில் ஏற்படும் அடைப்பும் இரைச்சலும், ஈரத் துணியிலேயே நாள் முழுக்க இருப்பதால் தொடை இடுக்கில் புண். பட்டியல் நீளும். கேட்டால் சிரித்துவிட்டு, எரியுது, வலிக்குது என்பதற்கு மேல் அவர்கள் பேச்சை வளர்ப்பதில்லை. நோயென்று சொன்னால் வேலைக்குப் போகாதே என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயமும் அதில் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூன்றரைப் பாகத்துக் கோடு

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், ஏறத்தாழ 6 அடி. கடல்காரர்கள் ஆழத்தை அதில்தான் சொல்வார்கள்.

1986இல் தூத்துக்குடியிலிருந்து இராமேஸ்வரம் வரையிலான 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும், 560 சதுர கிலோமீட்டர், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். தெற்காசியாவில் கடலுக்கென்று அமைந்த முதல் காப்பகம் இதுதான். பூங்காவின் எல்லையைக் கரையிலிருந்து இத்தனை மைல் என்று போடவில்லை. ஆழத்தால் போட்டார்கள்: தீவுகளின் கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் வரை, கடல்பக்கம் ஐந்து பாகம் வரை.

அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டவருக்கு இது ஒரு வரைபடக் கோடு. படகில் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். மூச்சடக்கி முங்குகிற பெண்ணுக்கு எட்டுகிற ஆழம் ஒன்று, இரண்டு பாகம். மிஞ்சினால் கொஞ்சம் கூட. அதாவது அவள் வேலை செய்யக்கூடிய கடல் முழுவதும் கோட்டுக்கு உள்ளே போய்விட்டது. வலை போடுகிறவருக்கு வெளியே ஆழக்கடல் மிச்சம் இருக்கிறது. அவளுக்கு மிச்சம் ஏதுமில்லை. பூங்கா அறிவித்த புதிதில் யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. 2000க்குப் பிறகு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு காப்பகப் பணிகள் சூடு பிடித்தன, காவலும் இறுகியது. தீவுப் பக்கம் போனால் படகு பறிமுதல், அபராதம், வழக்கு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 என்ற புத்தகத்தைப் பார்த்தே இராத பெண்கள் அதன் கீழ்க் குற்றவாளிகள் ஆனார்கள்.

பாசியும் பவளமும் தானாக அழியவில்லை, மனிதர்தான் அழித்தார்கள் என்று வனத்துறை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பல பத்தாண்டுகள் பவளப் பாறையை உடைத்துப் படகு படகாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் தூத்துக்குடி ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். 21 தீவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவு கடலுக்குள் முங்கிப் போனதற்கு அது முக்கியக் காரணம். 2001இல் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் சேர்ந்த பிறகே அது அடங்கியது. பாசி எடுப்பவர்களும் ஒருகாலத்தில் இரும்புச் சுரண்டியால் வேரோடு வழித்தார்கள். வியாபாரி முன்பணம் கொடுத்து விரட்டினால் மாதம் முழுக்க இறங்கினார்கள். இதை மறைத்துப் பேசினால் வாதம் பலப்படாது.

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண்களே சங்கமாகக் கூடினார்கள். இரும்பு வேண்டாம், கையால் மட்டும் எடுப்போம், வேரை விட்டுவிடுவோம், மாதம் 12 நாள் போதும், மீன்பிடித் தடைக் காலத்தில் நாமும் நிற்போம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக் கொண்டார்கள். அந்த அமைப்பின் முன்வரிசையில் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தீவுச் சூழல் காத்தமைக்கான விருதும் 10,000 டாலரும் கொடுத்தது. கலிபோர்னியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சூழல் காவலர். மண்டபத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அத்துமீறி நுழைபவர். ஒரே பெண்கள்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2016இல் கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்துச் செத்தது. உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்ததாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சுரண்டி பல வருஷத்தில் செய்யாததை ஒரு கோடைக்காலம் செய்துவிட்டது. அந்தச் சூட்டை மூட்டியது அனல் மின் நிலையங்களும் கார்களும் ஏசிகளும். அந்தச் சூட்டில் என் பங்கும் இருக்கிறது, இதைப் படிக்கிற உங்கள் பங்கும் இருக்கிறது. விறகடுப்பில் சோறு பொங்கிவிட்டுப் படகேறும் பெண்ணின் பங்கு தேடினாலும் கிடைக்காது. நமக்குப் படகு பறிமுதல் இல்லை.

இந்தக் கணக்கைக் கேட்பதற்குத்தான் சூழல் நீதி என்று பெயர். 1982இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் வாரன் கவுண்டியில், நச்சு எண்ணெய் கலந்த மண்ணைக் கறுப்பின ஏழைகள் வாழும் ஊரில் கொண்டுவந்து புதைத்தபோது, லாரிக்கு முன்னால் படுத்து நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அங்கிருந்து பிறந்த சொல். குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று அவர்கள் கேட்டார்கள். மண்டபத்துக்காரிகள் கேட்க வேண்டியது கொஞ்சம் வேறு: கடலைக் காப்பாற்றுகிற செலவு யார் தலையில் விழுகிறது?

கேம்ப் என்றொரு ஊர்

இராமேஸ்வரம் ரயில் பாம்பன் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் மண்டபம் கேம்ப் என்று ஒரு ஸ்டேஷன் வரும். ஊர்ப் பெயரிலேயே முகாம் ஒட்டிக் கொண்ட இடம்.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது; தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. அந்த வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன இராமநாதபுரத்து, திருச்சி, சேலத்து ஏழைகளை இந்தக் கரையில் இறக்கி வைத்தார்கள். முகாமை நடத்தியது இலங்கையின் வெள்ளைக்கார அரசு, இந்திய மண்ணில். கங்காணி கூட்டி வந்தவர்களுக்கு அம்மைப்பால் குத்தி, துணியை நீராவியில் அவித்து, காலரா இருக்கிறதா, பிளேக் இருக்கிறதா என்று சில நாள் அடைத்து வைத்துப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். அவர்கள் சுகமாக இருக்க வேண்டும் என்ற கரிசனம் இல்லை அது. தோட்டத்துக்கு நோய் போகக்கூடாது. ஏழை உடம்பை மண்டபம் முதன்முதலில் அக்கறையாகச் சோதித்தது இன்னொருவரின் லாபத்தைக் காக்க.

பிறகு அந்த முகாம் நிலத்தில் அறிவியல் குடியேறியது. 1947 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1949இல் தலைமையகத்தை மண்டபம் கேம்புக்குக் கொண்டுவந்து, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை இங்கேயே இருந்தது. இன்றும் அதன் மண்டல மையம் இங்கே. மத்திய உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் இங்கே. எந்தப் பாசி எந்த மாதத்தில் எவ்வளவு வளரும், அதில் அகர் எத்தனை சதவீதம் என்பதையெல்லாம் உலகத்துக்குச் சொன்ன இடம் இது. பெருமைப்பட வேண்டிய இடம்தான். கூடவே ஒன்று தோன்றுகிறது. பாசியின் ஈரப்பதத்தை அளந்த இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பாசி எடுக்கிறவளின் இரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று அளக்கும் பலகை எதையும் நான் பார்க்கவில்லை.

முகாமும் காலியாகவில்லை. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டு இங்கே வந்து இறங்கினார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பியவர்கள். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் கவிழ்ந்தபோது பாலுக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் அரிச்சல்முனை மணல்திட்டில் குழந்தைகளோடு இறங்கியவர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியிருக்கிறது. பெயர் மாறியது நல்லதுதான்.

பெப்சி பாசி

தீவுக்குப் போகாதே என்றால் என்ன செய்வது? வளர்த்துக்கொள் என்றார்கள். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாஃபைகஸ் என்ற பாசியை உப்பு ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000ங்களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் காசு போட்டு, பெண் கடலில் சுய உதவிக் குழுக்களுக்கு மூங்கில் தெப்பம் கட்டிக் கொடுத்தது. ஊர் அதற்குப் 'பெப்சி பாசி' என்று பெயர் வைத்தது. தெப்பத்துக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் 250 கிலோவுக்கு மேல். ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டிப்பட அதுதான் சரக்கு. வெட்டுக்காயம் குறைவு, கரைக்குப் பக்கம், முங்க வேண்டாம். பல வீடுகளில் அந்தக் காசில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள் என்பதை மறுக்க முடியாது.

2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குருசடைத் தீவில் அந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூச்சை அடைக்கிறது என்று எழுதினார்கள். உள்ளூர்ப் பாசியைக் கையால் பிய்த்தவளைத் தடுத்த பூங்காவுக்குள், அனுமதியோடு வந்த வெளியூர்ப் பாசி நுழைந்திருந்தது. 2013க்குப் பிறகு கடல் சூட்டில் பயிரும் படுத்தது. தெப்பத்தை நம்பி முங்குவதை விட்ட பெண்களில் பலர் மறுபடி ஆண் கடலுக்கே போனார்கள்.

இப்போது மூன்றாவது சுற்று. திருவாடானைப் பக்கம் வளமாவூரில் 127.7 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வரட்டும். விதைப்பாசிக்கும் உலர்த்தும் மேடைக்கும் ஒதுக்கும்போது, படகில் ஒரு மறைப்பு, கரையில் ஒரு கழிப்பறை, குளிக்க நல்ல தண்ணீர்க் குழாய் என்று மூன்று வரியையும் அந்தத் திட்ட மதிப்பீட்டில் சேர்த்துவிட்டால் 'பல்நோக்கு' என்ற தலைப்பு மாற வேண்டியதில்லை.

ஜேஜூவில் ஒரு கிழவி

தென்கொரியாவின் ஜேஜூ தீவிலும் பெண்கள்தான் முங்குகிறார்கள். ஹேன்யோ என்று பெயர். ஆக்சிஜன் உருளை இல்லாமல், மூச்சடக்கி, கடல்பாசியும் சங்கும் எடுப்பவர்கள். பெரும்பாலோர் 60, 70 தாண்டியவர்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய வாழ்க்கைமுறையை மனிதகுல மரபாக ஏற்றது. அதற்கெல்லாம் வெகுமுன்பே அந்தத் தீவு நிர்வாகம் இரண்டு காரியம் செய்தது: குளிர் தாங்கும் ரப்பர் உடுப்புக்கு உதவி கொடுத்தது, முங்குகிற பெண்களுக்கும் முங்கி ஓய்ந்தவர்களுக்கும் வைத்தியச் செலவை ஏற்றது. எந்தப் பகுதியில் எத்தனை நாள் எடுக்கலாம் என்பதை அந்தந்த ஊர்ப் பெண்கள் சங்கமே முடிவு செய்கிறது. கொரியா பணக்கார நாடு, ஒப்பிடாதே என்று சொல்லலாம். ஆனால் ஊர்ச் சங்கம் கூடிக் கோடு போட்டுக் கொள்வதற்குப் பணம் வேண்டியதில்லை. அதை நம் சின்னப்பாலத்துப் பெண்கள் சர்க்கார் சொல்லாமலே செய்துவிட்டார்கள்.

சட்டத்திலும் கதவு இருக்கிறது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம், நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருளும் எடுக்கும் சமூக உரிமையைப் பேசுகிறது. தேசியப் பூங்காக்களையும் அது விட்டுவைக்கவில்லை. காடு என்றால் மரம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். தேசியப் பூங்கா என்று சொல்லி அபராதம் போடலாம் என்றால், தேசியப் பூங்கா என்று சொல்லி உரிமையும் கேட்கலாம் என்பது நேரான வாதம். அதை ஊர் ஊராகக் கிராமசபை கூட்டி எழுதி வாங்கிக் கொடுக்க ஓர் ஆட்சியர் முன்வர வேண்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், அது பொய். மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் 3,000 சேர்த்து 4,500 கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் நல மாநாட்டில்தான், தடைக்கால நிவாரணம் 5,000இலிருந்து 8,000 ஆக உயரும் என்று முதல்வர் அறிவித்தார். அந்த நிவாரணம் குடும்பத்துக்கு ஒன்று. கணவன் பெயரில் போகிற வீட்டில், தானும் கடலுக்குப் போகாமல் நின்ற பெண்ணின் இழப்பு அதற்குள் கரைந்துவிடுகிறது. புருஷனில்லாமல் தனியாக முங்கிப் பிழைப்பவள், தான் மீனவர் என்று நிரூபிக்க அட்டை தேடி அலைய வேண்டியிருக்கிறது. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைத் தூக்கிவிட 2018இல் போட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்று இந்த மாவட்டம். அதற்கு இது பெரிய காரியம். அந்தக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்கு, பாசி எடுக்கும் பெண்களின் உடம்பைவிடப் பக்கத்தில் கிடைக்கிற பாடம் வேறு இருக்காது.

மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிற அன்று அவள் வாசலில் இருக்க வேண்டுமே.

ஆகவே மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோடிகள் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் கறுப்பு வட்டம் அமாவாசை, வெள்ளை வட்டம் பௌர்ணமி. ஒவ்வொன்றையும் ஒட்டி ஆறு நாளை விட்டுவிடுங்கள். மீதமுள்ள 18 நாளில் ஒரு நாள், சின்னப்பாலத்தில் தொடங்கி ஏர்வாடிவரை ஊருக்கு ஒரு பெண் மருத்துவரையும், டெட்டனஸ் ஊசியையும், கண், காது பார்க்கிறவரையும், சிறுநீர் பிடிக்க நாலு டஜன் டப்பாவையும் அனுப்பி வையுங்கள். தட்டுக்குப் பாசியை அவர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.